ஓநாய்ப் பள்ளத்துக்காரி

புச்கோவா என்கிற போலந்து மலைக்கிராமத்தில் கெனோவெஃபாவைக் கேனியா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஊருக்கு அவள் ஸெனோனின் பெண்டாட்டி. ஸெனோன் யார் என்று கேட்டால் ஊரே எழுந்து நின்று பதில் சொல்லும்: பியெஷ்சாடி மலையில் மான்கொம்பு தேடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்று. இதில் ஒரே ஒரு சிக்கல். கடைசிப் பத்தொன்பது வருடம் ஸெனோன் மலையில் கால் வைத்ததே இல்லை.

கேனியா பிறந்தது அரசுப் பண்ணையில். அம்மா அங்கே பால் கறப்பவள். பதினான்கு வயதானதும் மகள் கையிலும் ஒரு வாளியைக் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடம் ஒன்பது கிலோமீட்டர். பனியில் நடந்து நடந்து அவளுடைய கால்கள் குட்டையாக, கெட்டியாக, அடுப்பின் இரும்புக் கால்கள் போல ஆகிவிட்டன. மாடு மேய்க்கப் போன இடத்தில் ஒருநாள் உருகிக்கொண்டிருந்த பனிக்கு மேலே நாலு வெள்ளை முனைகள் தெரிந்தன. இழுத்தாள். அவள் தோள் வரைக்கும் நீண்ட ஒற்றைக் கொம்பு வந்தது. கிழட்டுக் கலைமான் பிப்ரவரியில் உதிர்க்கும், இளசுகள் மார்ச்சு கடைசி வரை இழுத்தடிக்கும். வியாபாரி அதைக் கிலோ கணக்கில் நல்ல காசுக்கு எடுப்பான். ஆனால் கீழே விழுந்து கிடப்பதைப் பார்க்கக் கண் வேண்டும். அந்தக் கண் அவளுக்கு அன்றைக்கே இருந்தது.

இருபது வயதில் ஸெனோனைக் கட்டிக்கொண்டாள். அவன் குதிரை வைத்து மரம் இழுக்கிறவன். பார்க்க லட்சணமானவன், வாய் ஓயாதவன். ஒரு குளிர்காலத்தில் பீச் என்கிற காட்டுமரத்தின் துண்டு ஒன்று உருண்டு அவன் முழங்கால் மேல் ஏறியது. மூன்று மாதம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது அந்தக் கால் மடங்கவில்லை. சமதரையில் கோலூன்றி நடப்பான். ஏற்றம் என்றால் மாட்டுக்கொட்டிலின் படி வரைக்கும்தான். குதிரையை விற்றார்கள். உருளைக்கிழங்கும் தீர்ந்தது. மார்ச்சு வந்தபோது, "நான் மலைக்குப் போறேன்" என்றாள் கேனியா.

"பொம்பளை போய்க் கொம்பு எடுத்துட்டு வந்தா, ஊர்ல நான் எப்படித் தலை நிமிந்து நடப்பேன்?" என்றான் ஸெனோன்.

"நிமிர வேணாம். சூப்புக்குக் குனிஞ்சாப் போதும்."

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மடங்காத கால் மலைக்குப் பழகிவிட்டது என்று ஸெனோன் பாரில் சொல்லிவைத்தான். வெளிச்சம் வந்ததும் ஸெனோன் தோளில் பையும் கையில் கோலுமாக, ஊர் பார்க்கக் காட்டுப் பக்கம் நடப்பான். காட்டு விளிம்பில் கரி சுடுகிறவர்கள் விட்டுப்போன தகரக் குடிசை ஒன்று இருந்தது. அதற்குள் போய் உட்கார்ந்து நாளெல்லாம் தனக்குத் தானே சீட்டாடுவான். கேனியா சுள்ளி பொறுக்குகிற கூடையோடு பின்வழியாகப் போவாள். சாயங்காலம் அவள் கொண்டுவந்த கொம்புகளை அவன் சறுக்குவண்டியில் ஏற்றி நடுத்தெருவில் இழுத்துக்கொண்டு வருவான். ஊர் வாயைப் பிளக்கும். அவள் சுள்ளிக்கூடையோடு பின்னால் வருவாள்.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிசையில் அவளுக்காக அடுப்பு மூட்டி, ராஸ்பெரிப் பாகு ஊற்றித் தேநீர் வைத்திருப்பான். அவள் வரத் தாமதமானால் மடங்காத காலோடு காட்டு விளிம்பில் மேலும் கீழும் நடந்து, அவள் தலை தெரிந்ததும் திட்டுவான். அவ்வளவு பயம், அவ்வளவு பிரியம். ஆனால் பாரில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் உள்ளே போனால், ஓநாயை விரட்டியதும் அவன்தான், உறைந்த ஓடையைத் தாண்டியதும் அவன்தான். "கேனியா, உன் புருஷன் சிங்கம்டி!" என்று கோவிலில் பெண்கள் சொல்வார்கள். முதல் வருடம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் வருடம் வரவில்லை. ஓநாய் வந்தபோது அவள் பீச் மரத்தின் மேல் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதில் கால்விரல் ஒன்று மரத்துப் போனது, இன்றைக்கும் உணர்வில்லை.

போன அக்டோபரில் ஸெனோன் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. கொம்பு தேடுகிற ஆண்கள் அவன் வீட்டிலிருந்த ஆறு ஜோடிக் கொம்புகளைச் சவப்பெட்டி மேல் அடுக்கினார்கள். பாதிரியார், "இந்த மலைகளை இவரைப் போல நடந்து அளந்தவர் எவருமில்லை" என்றார். கேனியா மனம்விட்டு அழுதாள், முப்பத்தாறு வருடம் கூட இருந்தவன் அல்லவா. ஆனால் அந்த வாக்கியம் காதில் விழுந்த நொடியில் அழுகை நின்றுவிட்டது. வந்தது கோபம். அந்தக் கோபம் கிறிஸ்துமஸ் முடிந்தும் இறங்கவில்லை.

காடு போலந்து அரசாங்கத்துடையது. உதிர்ந்த கொம்பை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது சட்டம். சட்டம் கிடக்கட்டும், புச்கோவாவுக்கு வேறு வழக்கம். பிப்ரவரி இரண்டு, மெழுகுவர்த்தி மாதா திருநாள். பூசை முடிந்து மந்திரித்த மெழுகுவர்த்தியோடு ஆண்கள் நேரே பாருக்குப் போவார்கள். மூத்தவர் தியோஃபில் மலையிலுள்ள ஒவ்வொரு பள்ளத்தின் பேரையும், அதற்குரிய ஆளின் பேரையும் சொல்வார். அந்த ஆள் கிளாஸைத் தூக்கிக் குடித்தால், அந்த வருடம் அந்தப் பள்ளத்தில் வேறு எவனும் கால் வைக்க மாட்டான். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. மீறினவனோடு யாரும் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். ஒருவன் செத்தால் அவன் பள்ளம் வேறொருவனுக்குப் போகும். ஸெனோனின் ஓநாய்ப் பள்ளம் பக்கத்துப் பள்ளத்துக்காரன் லெஷெக்குக்கு என்று சவ அடக்கத்தன்றே பேச்சு அடிபட்டது. லெஷெக்குக்கு நாற்பது வயது, நல்ல ஜீப், அதைவிட நல்ல பூட்ஸ். கொம்பு மட்டும் கிடைக்காது.

அந்தப் பள்ளம் போனால் கேனியாவுக்கு மிஞ்சுவது விதவைப் பென்ஷனும் ஜன்னலும்தான். ஜன்னலருகே உட்கார்ந்து சாக அவள் தயாராக இல்லை. பூசை முடிந்ததும் மெழுகுவர்த்தியை அணைக்காமலே தெருவைக் கடந்து பாருக்குள் போனாள். காலியாக விட்டிருந்த ஸெனோனின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பதினோரு ஆண்கள். லெஷெக்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணி, அண்ணனை நெனைச்சு வந்திருக்கீங்க, புரியுது. ஆனா இது ஆம்பளைங்க சமாச்சாரம். வீட்டுக்குப் போங்க, நான் ஒரு ஜோடிக் கொம்பு கொண்டாந்து தர்றேன்."

"நீ கொண்டு வர்றதுக்குள்ள எனக்குப் பல்லு முளைச்சிடும்டா. எந்தப் பள்ளத்துலேருந்து தருவே?"

"ஓநாய்ப் பள்ளந்தான்."

"அது என்னோடது."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "ஸெனோனோடது" என்று திருத்தினார் தியோஃபில், மெதுவாக.

கேனியா மெழுகுவர்த்தியை மேசையில் ஊன்றினாள்.

"ஸெனோன் அந்தப் பள்ளத்தைக் கண்ணால பார்த்து இருபது வருஷம் ஆகப்போகுது. கரிக்குடிசைல உக்காந்து சீட்டாடினாரு. போனது நான். எடுத்தது நான். பொட்டி மேல அடுக்குனீங்களே ஆறு ஜோடி, ஒவ்வொண்ணும் நான் முதுகுல சுமந்தது."

"செத்தவனைப் பத்திப் பொய் பேசாதே!" லெஷெக் எழுந்துவிட்டான். "இதே மேசைல அண்ணன் எங்களுக்குத் தொழில் சொல்லிக் குடுத்தாரு. எந்தச் சரிவு, எந்த நேரம், எல்லாம்! மலைக்குப் போகாதவரு எப்படிச் சொல்வாரு?"

"என்ன சொன்னாரு?"

"வடக்குச் சரிவுன்னாரு. நிழல்ல பனி கெட்டியா இருக்கும், கிழட்டு மான் அங்கதான் ஒதுங்கும்னாரு."

கேனியா சுற்றிலும் பார்த்தாள். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

"எத்தனை வருஷமா வடக்குச் சரிவுல நடக்குறே?"

"பதினோரு வருஷம்."

"எத்தனை கொம்பு?"

அவனுடைய கணக்கு ஊருக்கே தெரியும். ஒன்பது. அதில் இரண்டை நாய் கொண்டுவந்தது.

"அட மடையா, மார்ச்சு மாசத்துல பசியோட இருக்கிற மான், நிழல்ல பனி மேல ஏண்டா படுக்கும்? உனக்குக் குளிருச்சுன்னா நீ வெயிலுக்குப் போவியா, பனிப்பொட்டிக்குள்ள போவியா?"

மூலையில் ஒருவன் "கர்த்தரே!" என்றான். அவன் எட்டு வருடம் வடக்குச் சரிவில் நடந்தவன்.

"அப்போ ஸெனோனுக்குத் தெரியலையா?" என்று கேட்டார் தியோஃபில்.

"நான் அவருக்கு அப்படித்தான் சொன்னேன்." இதைச் சொல்லும்போது அவள் குரல் தணிந்தது. "தினமும் சூப்புக் குடிக்கிறப்போ கேப்பாரு, எங்க கெடைச்சுது, எந்தப் பக்கம்னு. முத வருஷம் நெசத்தைச் சொன்னேன். அவரு இங்க வந்து தன்னோட கதையா சொன்னாருன்னு தெரிஞ்சுது. கால் என்னோடது, பேரு அவரோடது, சரி, புருஷன்தானேன்னு விட்டேன். தெரிஞ்ச வித்தையாவது எங்கிட்டயே இருக்கட்டும்னு ரெண்டாம் வருஷத்துலேருந்து மாத்திச் சொன்னேன். அவரு நம்பினாரு. நீங்களும் நம்பினீங்க."

"புருஷனையே ஏமாத்தியிருக்கே! செத்துப்போன மனுஷனை!"

"உசிரோட இருந்தப்போதான் ஏமாத்தினேன், லெஷெக். செத்தப்புறம் உண்மையைச் சொல்றேன்."

அவள் தலை குனியவில்லை. மனம் வலிக்காமல் இல்லை. ஸெனோன் தகரக் குடிசையில் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "வடக்குச் சரிவா, அப்படியா!" என்று சின்னப் பிள்ளை போல ஆசையாகக் கேட்ட முகம் அவள் கண்ணுக்குள் நின்றது. அந்த முகத்துக்காக வருத்தப்பட்டாள். ஆனால் இந்தப் பதினோரு முகங்களுக்காக ஒரு துளியும் வருத்தப்படவில்லை.

லெஷெக் மேசையைத் தட்டினான். "பெரியவரே, இவளுக்குப் பள்ளம் குடுத்தா நான் இந்த மேசையை விட்டே போயிடுவேன். வழக்கம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

"இருக்கு" என்றாள் கேனியா. "அந்த வழக்கத்தை உங்க எல்லாரையும்விட நான்தான் சுத்தமா காப்பாத்தினேன். பத்தொன்பது வருஷம். உன் பள்ளம் என் பள்ளத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. அதோட தெக்குச் சரிவுல, வெயில் படுற எடத்துல, கொம்பு கெடக்கிறதை மேலேருந்து கண்ணால பார்த்திருக்கேன். ஒரு தடவை நாலு, ஒரு தடவை ஏழு. எறங்கி எடுக்கலை. ஏன்? அது லெஷெக்கோட பள்ளம். இந்த மேசை எனக்கு நாற்காலி போடலை, ஆனாலும் இந்த மேசையோட பேச்சுக்குக் கட்டுப்பட்டேன்."

ஒரு மூச்சு விட்டாள்.

"இன்னிக்கு என் பேரைச் சொல்லலைன்னா, நான் இந்த மேசைக்கு யாருமில்லை. யாருமில்லாதவளுக்கு வழக்கம் ஏது? சட்டந்தான். சட்டப்படி நான் பன்னெண்டு பள்ளத்துலயும் நடக்கலாம். நடப்பேன். மார்ச்சு ஒண்ணாந்தேதி கெளம்பினா உங்க எல்லார் தெக்குச் சரிவையும் ஈஸ்டருக்குள்ள தொடைச்சு எடுத்துடுவேன். என்கூடப் பேசாம இருப்பீங்களா? இருங்க. இத்தனை நாள் என்கூட யாரு பேசினீங்க?"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் குட்டைக் கால்களையும் பார்த்தார்கள். அந்தக் கால்கள் என்ன செய்யும் என்று பத்தொன்பது வருடம் ஸெனோனின் வாயால் கேட்டவர்கள்தானே. ஓநாய், உறைந்த ஓடை, ஐந்து கிலோக் கொம்பை முதுகில் கட்டிக்கொண்டு பாறை இறங்கியது, எல்லாம் மனதுக்குள் ஆள் மாறி ஓடியிருக்க வேண்டும். லெஷெக் வெளியே போகவில்லை. மெல்ல உட்கார்ந்தான்.

"தெக்குச் சரிவுன்னா, அண்ணி," என்றான், குரல் இறங்கி, "காலைலயா, மத்தியானத்துக்கு மேலயா?"

"போய்க் கண்டுபிடி. எனக்கு யாரு சொன்னா?"

தியோஃபிலுக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கியது. எண்பது வயதுக்காரர், வடக்கு தெற்கு பார்க்காமல் முழங்கால் சொன்ன பக்கம் நடந்தவர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேர்களைச் சொல்லத் தொடங்கினார். உப்புப் பாறை. கிளாஸ் ஒன்று உயர்ந்தது. கருவோடை. இன்னொன்று உயர்ந்தது. லெஷெக்கின் பள்ளத்தை லெஷெக்குக்கே சொன்னார், அவன் தலையைக் குனிந்துகொண்டு குடித்தான். கடைசியாகக் கேனியாவின் முன்னால் ஒரு கிளாஸை நகர்த்தி வோட்கா ஊற்றினார்.

"ஓநாய்ப் பள்ளம்" என்றார். "ஸெனோனோட வீடு."

கேனியா கிளாஸைத் தொடவில்லை.

"வீடு மலையேறாது, பெரியவரே."

"சரி. ஸெனோனோட பெண்டாட்டி."

அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள். தியோஃபில் அவளை ஏறிட்டுப் பார்த்தார். வழக்கப்படி தாமதம் கூடாது, பாட்டிலில் வேறு கொஞ்சந்தான் பாக்கி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பூசையில் வாசகம் படிக்கிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓநாய்ப் பள்ளம்" என்றார் மறுபடி. "கெனோவெஃபா."

அவள் கிளாஸை எடுத்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலிக் கிளாஸை மேசையில் டக்கென்று வைத்தாள்.