டேங்கில் காற்றில்லை

போன வாரம் என் மகள் மோட்டார் சுவிட்சின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரத் தரையில் குந்தி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா ஓடி வந்துவிட்டார். மெயினை அவள் முன்பே அணைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்து என்ன? போட்ட கூச்சல் போட்டதுதான். அன்றிலிருந்து அத்தையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. குவைத்தில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பி, இலங்கை மலையகத்தில் ராகலைக்குக் கீழே துண்டு நிலம் வாங்கி வீடு கட்டியவர். எங்கள் சொந்தத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை அறைகளான லயத்துக்கு வெளியே எழும்பிய முதல் வீடு அது. லயத்தில் எங்களுக்கு மலை ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் வழியாகத் தண்ணீர் இறங்கி வரும். அத்தை வீட்டிலோ கிணறு, மோட்டார், அதோடு நீல நிறத்தில் ஒரு பிரஷர் டேங்க். அதற்குள் ரப்பர் பை ஒன்று உண்டு. பைக்குள் தண்ணீர், பையைச் சுற்றிக் காற்று. காற்று அமுக்குவதால் குழாயைத் திறந்ததும் தண்ணீர் சீறும். மோட்டார் சும்மா சும்மா ஓட வேண்டியதில்லை.

"குவைத்து மேடம் வீட்டுல இருந்த அதே சாமான்" என்று அத்தை ஊரெல்லாம் சொல்லியிருந்தார். வீட்டுக்குள்ளேயே மழை பெய்யும் என்று ஷவரைப் பற்றியும் அளந்துவிட்டிருந்தார். பால் காய்ச்சும் அன்று மொத்த லயமும் அந்த மழையைப் பார்க்க வருவதாக இருந்தது.

அதற்கு முந்தின நாள், சின்னப் பிள்ளையாக நானும் அங்கே நிற்க, குழாயைத் திறந்தால் தண்ணீர் இருமி இருமி வந்தது. மோட்டார் 'டக்' என்று ஓடும், 'டக்' என்று நிற்கும், மறுபடி ஓடும். தொட்டால் அடுப்பு மாதிரி சுட்டது. பொருத்திக் கொடுத்த மெக்கானிக் பாஸ் நுவரெலியாவில் வேறு வேலையில் இருந்தார். மோட்டார் கருகினால் மறுநாள் மழை இல்லை; அத்தையின் குவைத்துப் பெருமை காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் வரை சிரிப்பாகிவிடும்.

"கெணறு வத்திருச்சுக்கா" என்றார் அப்பா.

அத்தை கிணற்றில் வாளியை விட்டார். தளும்ப ஏறி வந்தது. "இதான் ஒன் வத்துன கெணறா?" என்று வாளியை அவர் காலடியிலேயே வைத்தார்.

பிறகு மெயினை அணைத்துவிட்டு, விரல் மடக்கி டேங்கை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். எங்கும் ஒரே மொத்தைச் சத்தம். முழுக்கத் தண்ணீர்! உச்சியில் லாரி டயரில் இருப்பதைப் போல ஒரு வால்வு. அதை அழுத்தினார். தண்ணீரும் வரவில்லை, காற்றும் வரவில்லை.

"தண்ணி வரல, அப்ப பை கிழியல. காத்துதான் இல்ல. புது டேங்குல காத்து எங்கடா போகும்?"

அப்பா தலையைச் சொறிந்தார். வீடு கட்டி முடியும்வரை அங்கே காவல் அவர்தான். "நாந்தான்க்கா... தெனம் காலையில அந்த வால்வைக் கொஞ்சம் தொறந்து விட்டேன். ஹோஸுக்குள்ள காத்து அடைச்சா தண்ணி வராதுல்ல?"

எங்கள் லயத்தில் ஹோஸ் நின்றுபோனால் எல்லாரும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். எந்த வளைவில் காற்று அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்துத் திறந்துவிடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதே வைத்தியத்தை அக்காவின் டேங்குக்கும் அக்கறையோடு செய்திருக்கிறார்.

அத்தைக்குக் கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. "அடப்பாவி, காசு குடுத்து வாங்குன காத்தைப் பூரா தேயிலைக்கு விட்டிருக்கியே!"

காற்றடிக்கப் பம்புக்கு எங்கே போவது? எங்கள் மேட்டில் சைக்கிள் வைத்திருப்பவர் யாருமில்லை. வாலிபால் பம்பின் ஊசி வால்வில் நிற்கவில்லை. கடைசியில் மரக்கறி லாரிக்காரரிடம் கால் பம்பு கிடைத்தது. அத்தை குழாய்களைத் திறந்து டேங்கைக் காலியாக்க, பம்பறைத் தரையெல்லாம் தண்ணீர்.

"நீ தொறந்த காத்து, நீயே மிதி."

அப்பா மிதித்தார். அத்தை அழுத்தம் காட்டும் முள்ளில் வைத்த கண்ணை எடுக்காமல், "மிதிடா, கொழுந்து மூட்டையா தூக்கச் சொன்னேன்?" என்று விரட்டினார். போதுமான அளவு ஏறியதும் நிறுத்தச் சொல்லி, குழாய்களை மூடி, மெயினைப் போட்டார். அழுத்தம் ஏறியதும் சுவிட்ச் மோட்டாரைச் சரியாக நிறுத்துகிறதா என்று பார்ப்பதற்காக அதன் மூடியைத் திறந்தே வைத்திருந்தார். மோட்டார் ஓடத் தொடங்கியபோது உள்ளே நீலமாக ஒரு பொறி பூத்தது.

அவ்வளவு அழகான நீலத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வெறுங்காலோடு தண்ணீரில் சளப் சளப் என்று நடந்து, விரலை நீட்டிக்கொண்டு கிட்டப் போனேன்.

அத்தை கத்தவில்லை. அப்படியொரு இதமான குரலை அவரிடம் அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

"கண்ணு, வெளிக்கொழா ஆடுதான்னு பாக்க ஆளே இல்லியே. ஓடிப்போயி அதைப் புடிச்சிக்கிட்டு நில்லு. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்க்கவே இல்லை. நான் வாசலைத் தாண்டும்வரை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூறலில் நின்று குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஆடல அத்தே!" என்று கத்தினேன். "சரிடி கண்ணு!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மறுபடி கத்தினேன். மறுபடி பதில். பிறகு ஒரே ஒரு 'டக்'. மோட்டார் நின்றது. அழுத்தம் நிறைந்து, நின்றபடியே இருந்தது.

மறுநாள் ஷவருக்குக் கீழே வேட்டியோடு நனைந்தவர்களுக்குக் கணக்கில்லை. வந்தவர்களிடமெல்லாம் அத்தை, "எம் மருமக காவல் நிக்கலேன்னா இந்த மோட்டாரு போயிருக்கும்" என்றார். நானும் வெகுகாலம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் நின்ற அந்த மாலையில், எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார் என்று நினைத்தேன். அத்தையோ நேராக என்னிடம் வந்தார். தூறலிலேயே உட்கார்ந்து, முந்தானையால் என் பாதங்களைத் துடைத்தார். விரலிடுக்கு ஒவ்வொன்றாக, ரொம்ப நேரம் துடைத்தார். மழையில் நனைந்துகொண்டிருக்கும் காலை ஏன் துடைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"விடு அத்தே, கூசுது" என்று காலை உருவிக்கொண்டு ஓடினேன்.