பல் டாக்டர் கேட்ட கேள்விகள்

கல்லூரி வேதியியல் கூடத்தில் முப்பத்தொரு வருடம் குடுவை கழுவி, சீசாவுக்குச் சீட்டு ஒட்டி ஓய்வு பெற்றவர் அவர். லேப்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். அப்பா விட்டுப்போன சாம்பல் நிற மோரிஸ் மைனர் காரையும் அதே கைதான் பார்த்துக்கொண்டது. ஐம்பதுகளில் செய்த வண்டி. உள்ளே ஒரு திருகாணிகூட வேற்றாள் இல்லை. கண் மங்கி, இனி ஓட்டக் கூடாது என்று ஆன பிறகுதான் விற்க மனம் இறங்கியது.

முதலில் வந்தவர், ஓட்டல் வாசலில் நிறுத்திப் பூச்செடி வைக்கப் போவதாகச் சொன்னார். லேப்காரர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். வண்டி ஓட வேண்டும், முழுசாக ஓட வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பல் டாக்டர் வேறு ரகம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் படுத்தே பார்த்தார். கதவுக் கீல் அசலா? முன்கண்ணாடி இரண்டும் ஆலையில் வைத்ததா? வண்டி திரும்பும்போது கதவோரத் தூணிலிருந்து கை மாதிரி நீளுமே விளக்கு, அதை எப்போதாவது மாற்றியதுண்டா? லேப்காரர் பூரித்துப்போய் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார்.

“இவரு வண்டி பாக்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?” என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

“சும்மா இரு. இப்படிக் கேக்கறவன்தான் வச்சு வாழ்வான்.” பிறகு டாக்டரிடம், “பிரிச்சுட மாட்டீங்களே?”

“சேச்சே, மனசு வருமா சார்?”

வண்டி கைமாறி இரண்டு மாதம் கழித்து டாக்டர் போன் செய்தார். இடது பக்கத்து விளக்கு நீண்டால் மடங்கவில்லையாம். “உங்களாலதான் முடியும், ஒரு நடை வாங்க சார்.” இஸ்திரி போட்ட சட்டையும் கருவிப் பையுமாகக் கிளம்பினார்.

டாக்டர் வீட்டுக் கொட்டகையில் பளபளவென்று ஒரு பச்சை மோரிஸ் நின்றது. அதன் பின்னால், நாலு செங்கல் அடுக்குகளின் மேல், கதவில்லாமல் கண்ணாடியில்லாமல் ஒரு சாம்பல் கூடு. அவருக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரமாயிற்று.

“பச்சை எங்க அப்பா வண்டி சார். துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. உங்க சாமான் இல்லன்னா எழுந்தே இருக்காது.”

அன்று தரையில் படுத்துக் கேட்ட கேள்விகள் வரிசையாக ஞாபகம் வந்தன. கீல், கண்ணாடி, விளக்கு. ஆசையும் தேவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும் போலிருக்கிறது. முகத்தைப் பார்த்துப் பிரித்தறிய அவருக்குத் தெரியவில்லை. எதை எதைக் கழற்றலாம் என்று தொட்டுக் காட்டியது அவர் விரல்தான்.

“பிரிக்க மாட்டேன்னீங்களே.”

“எல்லாம் ஓடிட்டுத்தானே சார் இருக்கு? இத மட்டும் கொஞ்சம் பாருங்க.”

விளக்கு தூணிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது. கீலில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் மடங்கிவிடும். எண்ணெய் பையில்தான் இருந்தது.

“தெரியல டாக்டர்.”

“உங்களுக்கா தெரியாது?”

“என் வண்டின்னா தெரியும். இது உங்க அப்பா வண்டி.”

வெளியே வந்தவர், பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்காமல், வெகுதூரம் எதிர்த்திசையிலேயே நடந்துகொண்டிருந்தார்.