தளத்துல காஞ்ச கருவாடு

எங்க தெருவைப் பெரிய மனுசங்க தெருன்னு எவனாச்சும் சொன்னா எனக்குக் குமட்டிக்கினு வருது. ராயபுரத்துல, குப்பத்தை ஒட்டுனாப்புல கீது அந்தத் தெரு. வரிசையா மாடி வூடு, இரும்பு கேட்டு, பளிங்குப் படி. அம்புட்டும் ஹார்பர் குடுத்த துட்டு. கப்பல்ல சரக்கு ஏத்தி எறக்குற காண்ட்ராக்டு எடுத்தவன், கிடங்கு வச்சவன், எல்லாம் இங்கதான் வந்து வூடு கட்டினானுங்க. அதே ஹார்பருக்குக் கல்லு கொட்டின பின்னாலதான் கடலு வடக்கால திரும்பி, குப்பத்து மண்ணை வருசா வருசம் முழுங்க ஆரம்பிச்சுது. இவனுக்கு மாடி ஏறிச்சு, அவனுக்குக் குடிசை போச்சு. இதைப் பத்தி இந்தத் தெருவுல ஒரு நாயும் வாயத் தொறக்காது.

நான் அமீர். தெருமுனையில கப்பல் கயிறு விக்கிற கடை என்னுது. நான் சொல்ல வந்தது கோவிந்தம்மாவைப் பத்தி. குப்பத்துல மீன் விக்கிறவ. புருசன் கடலோட போயிட்டான், புள்ளைகுட்டி கெடையாது. அவ குடிசைய மூணு வாட்டி கடல் தின்னுது. மூணு வாட்டியும் பின்னால தள்ளித் தள்ளிப் போட்டுக்கினா. இனிமே தள்ள எடமில்ல, பின்னால மதில் சுவரு. அது ஹார்பர் காண்ட்ராக்டர் ரகுபதி வூட்டு மதில்.

அந்த வூட்டுக்கு தெனம் மீன் போடறவளே கோவிந்தம்மாதான். பின்வாசல்ல குந்திக்கினு, ரகுபதி பொண்சாதி புஷ்பவல்லி சொல்ற மாதிரி அரிஞ்சு, கழுவிக் குடுக்கணும். முன் கேட்டைத் தொடக்கூடாது. மீனு மட்டும் ருசி, மீன்காரி நாத்தம். இன்னா மனுசங்கப்பா!

நாப்பத்திரெண்டு சித்திரையில, ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு ஒரே பேஜாரு. ஒரே வாரத்துல தெரு காலி. மீசைய முறுக்கிக்கினு திரிஞ்சவன்லாம் மூட்டைய கட்டிக்கினு ஓடினான். ரகுபதி வூட்டு வாட்ச்மேன் அவருக்கு முன்னாடியே கம்பி நீட்டிட்டான். வேற ஆளு கெடைக்காம, ரகுபதி கோவிந்தம்மாவைக் கூப்ட்டு என் கடை வாசல்லயே சாவியக் குடுத்தாரு.

“வூட்டைப் பாத்துக்கோ. நாங்க திரும்பி வந்ததும், மதிலுக்கு உள்ளாற தோட்டத்து மூலையில நீ குடிசை போட்டுக்கோ. நீ சாவற வரைக்கும் உன்னை எவனும் கெளப்பமாட்டான். அமீர் பாய்தான் சாட்சி.”

நானும் பெருசாத் தலைய ஆட்டினேன்.

அப்புறம் அவ காத்த காவலு இருக்கே, அடேயப்பா! ஊரெல்லாம் வெளக்கு ஏத்தக்கூடாதுன்னு சட்டம். பூட்டின வூட்டை எல்லாம் திருடன் மோப்பம் புடிச்சுக்கினு கீறான். பக்கத்துல மூணு வூட்டுல கதவு நிலை வரைக்கும் பேத்துக்கினு போயிட்டானுங்க. கோவிந்தம்மா இன்னா பண்ணா தெரியுமா? பின்பக்கத்து வெளிப்படி வழியா ஏறி, மொட்டை மாடியில கருவாடு காய வச்சா. கருவாடு காயுதுன்னா காக்கா ஓட்ட ஒரு ஆளு குந்திக்கினு கீதுன்னு அர்த்தம். அந்த வாசனை வந்த வூட்டுப் பக்கம் ஒரு திருடனும் எட்டிப் பாக்கல. அவ ஒரு நாளும் வூட்டுக்குள்ளாற கால் வைக்கல, பின்வாசப் படியிலயே படுத்துக் கெடந்தா.

தை மாசம் எல்லாரும் திரும்பி வந்தாங்க. ஒரு கரண்டி கூடக் காணாமப் போவல. புஷ்பவல்லி அம்மா அழுதுட்டாங்க. கோவிந்தம்மா கையப் புடிச்சுக்கினு, “நீ எங்க கொலதெய்வம்டி” ன்னாங்க. நானும் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். அத்தோட அவ வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னிக்கு அவளுக்கு எடம் இருந்திருக்கும்.

ஆனா அவ மடியில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தா. மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

“வஞ்சிரக் கருவாடும்மா. மணல்ல காஞ்சது இல்ல, உங்க மாடித் தளத்துல காஞ்சது. வாயில போட்டா ஒரு மண்ணு நெருடாது.”

குப்பத்துக்காரங்களுக்கு மண்ணு நெருடாத கருவாடுன்னா சம்பந்தி வூட்டுக்குக் குடுக்கிற சீரு. அதான் அவ அப்படிப் பூரிச்சுப் போயிக் குடுத்தா. புஷ்பவல்லி அம்மா கைய வெடுக்குனு இழுத்துப் பொடவையில தொடச்சாங்க.

“எங்க மாடியிலயா? நாங்க வடாம் போடற எடத்துலயா? ச்சீ, கலீஜு!”

ஐப்பசி கார்த்திகை மழையில மாடி எப்பவோ கழுவிக்கினு போயிட்டுது. நானே ஏறிப் போயி மோந்து பாத்தேன், ஒண்ணும் இல்ல. ஆனாலும் நாலு ஆளை வச்சு மூணு நாளு பினாயில் ஊத்தித் தேச்சாங்க. அந்த மூணு நாளும் அவங்க அடுப்புல கொதிச்சது மீன் கொழம்புதான். தூ!

நாலாம் நாளு கோவிந்தம்மா சவுக்குக் கொம்பும் கீத்தும் சொமந்துக்கினு பின்வாசலுக்கு வந்தா, குடிசை போட. கயித்துப் பாக்கி வாங்க நானும் அங்க போயிருந்தேன். ரகுபதி வழிய மறிச்சு நின்னாரு.

“நான் எப்போ எடம் தரேன்னு சொன்னேன்?”

“இன்னா முதலாளி இப்டிக் கேக்கறீங்க! பாயைக் கேளுங்க, பாய்தான் சாட்சி.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. என் கடைக் கயித்துல முக்காவாசி ரகுபதி காண்ட்ராக்டுக்குப் போவுது. அந்தாளு என்னைப் பாத்த பார்வையிலயே அது எனக்குப் புரிஞ்சுபோச்சு.

“எனக்குச் சரியா ஞாபகம் இல்லீங்களே” ன்னேன்.

அவ என்னைத் திட்டல. மண்ணை வாரித் தூத்தல. “செரி பாய்” ன்னு சொல்லிட்டு, கீழ போட்ட கொம்பை ஒண்ணொண்ணாப் பொறுக்கித் தோள்ல வச்சுக்கினு போயிட்டா. அடுத்த ஐப்பசியில கடல் வந்து மதிலுக்கு வெளிய இருந்த அவ பழைய குடிசைய எடுத்துக்கினு போயிட்டுது. அன்னைலேந்து காசிமேட்டுல எவனோ வுட்டுட்டுப் போன படகுக் கொட்டாயில படுத்துக்கினு கீறா. பத்து வருசம் ஆச்சு. இன்னிக்கும் மீன் கூடையத் தூக்கிக்கினு இந்தத் தெருவுக்குத்தான் வரா.

அவ கொரலு கேட்டா நான் கடைக்குள்ளாற கயித்துச் சுருளுக்குப் பின்னால போயிடுவேன். மீன் வாங்க என் பொண்சாதி ரஹீமுன்னிசாவைத்தான் அனுப்புவேன். போன வெள்ளிக்கெழமை அவ மீனோட வந்து சொல்றா:

“கோவிந்தம்மா ரெண்டு மீனு கூடப் போட்டுச்சுங்க. பாயைக் கண்ணுலயே காணோம், ஒடம்புக்கு இன்னான்னு கேட்டுச்சு.”

அன்னிக்கு மத்தியானம் அந்த ரெண்டு மீனையும் நான் தின்னேன்.