தொட்டிலுக்கு ஒரு பாவாடை

லாரி நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற தகரக் கொட்டகையில் அவரை எல்லோரும் ரெக்சின்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் வீட்டு மின்சார பில்லில் மட்டும் இருக்கிறது. லாரி, வேன், பஸ் எது வந்து நின்றாலும் கிழிந்த சீட்டைக் கழற்றி, மக்கிப்போன பஞ்சைப் பிடுங்கி எறிந்து, புது ஸ்பாஞ்சு வைத்து, மேலே ரெக்சினை இழுத்துத் தைப்பது அவர் தொழில். அரைகுறைப் படிப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். விரல் ஒவ்வொன்றும் முள்ளங்கி மாதிரி இருக்கும். உள்ளங்கை காய்த்துக் கிடக்கிற லட்சணத்துக்கு அதிலேயே தீக்குச்சியை உரசிப் பற்ற வைக்கலாம் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்தவனை அவர் நிமிர்ந்து பார்த்தால் போதும், அவனுக்கு உடனே வண்டிக்கு அடியில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். ஓடி வந்தவர் அவளைத் தூக்குவதற்கு முன்னால் படியை ஓர் உதை உதைத்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இவருக்குக் கால் நகம் பெயர்ந்தது. மனைவிக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். அவர் குரல் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பயந்து கிடக்கிறார் என்று எடுத்துக்கொள்வாள்.

இந்தச் சில வாரங்களாகக் குரல் கூரையில் இடித்துக்கொண்டிருந்தது.

மகளுக்கு நாள் நெருங்குவதற்கு வெகு முன்னாலேயே வலி எடுத்து, பேத்தி பிறந்துவிட்டாள். கையளவு பிள்ளை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இவர் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தார். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஒயர். தோல் வெங்காயச் சருகு மாதிரி, உள்ளே ஓடுகிற நரம்பு வெளியே தெரிந்தது.

"தாத்தாவா?" என்று நர்ஸ் சிரித்தாள். "சட்டையக் கழட்டிட்டு அந்த நாற்காலியில சாஞ்சு உக்காருங்க. வெறும் நெஞ்சுல போட்டுக்கிட்டா பிள்ளைக்குக் கதகதப்பா இருக்கும். இவங்க அப்பா தினம் போட்டுக்கிறாரு."

"எனக்கு அங்க வண்டி நிக்குது" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான், திரும்பப் போகவில்லை. ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் தன் கையையே பார்த்துக்கொண்டு இறங்கினார். சீட்டு ஸ்பிரிங்கை வளைக்கிற கை. அந்தக் கையால் அந்தத் தோலைத் தொட்டால் கிழிந்துவிடாதா?

பிள்ளையைத் தூக்கத் துணிச்சல் வராதவர், பிள்ளைக்குத் துணி தைக்க உட்கார்ந்தார்.

மகள் முன்னமே கேட்டிருந்ததுதான். மாப்பிள்ளை கம்பி வைத்த மரத் தொட்டில் ஒன்று வாங்கி, மாமனார் வீட்டு உள்ளறையில் பொருத்தி நிறுத்தியிருந்தார். நான்கு காலில் நிற்கிற தொட்டில். அதற்கு அடியில்தான் பிள்ளையின் துணிமணிப் பெட்டிகளை அடுக்க வேண்டும். "மெத்தைக்கு அடியில ஒரு துணி விரியணும்ப்பா. அதுல இருந்து நாலு பக்கமும் சுருக்கம் வச்சுத் தரை வரைக்கும் தொங்கணும். உள்ள இருக்கிற சாமான் தெரியக் கூடாது" என்று போனில் படம் காட்டினாள்.

"தொட்டிலுக்கு எதுக்கும்மா பாவாடை? அது எங்க கிளம்பிப் போகப்போகுது?"

"நீங்க லாரி சீட்டுக்கெல்லாம் சட்டை தச்சுப் போடறீங்க. அது மட்டும் மாப்பிள்ளை பாக்கப் போகுதா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் செய்யலாம் என்று விட்டுவிட்டார். அதற்குள் பிள்ளை முந்திக்கொண்டது.

இன்றைக்கு மத்தியானம் வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள். காலையிலிருந்து மனைவியின் மிதி மெஷினில் உட்கார்ந்திருந்தார். கொட்டகை மெஷினுக்கு இந்தத் துணியைக் கொடுத்தால் அது தைக்காது, ஓட்டைதான் போடும். இளமஞ்சள் பருத்தித் துணி, வெண்ணெய் மாதிரி கைக்குள் நழுவியது. மூன்று பக்கம் முடிந்து நான்காவது பக்கமும் ஓடிவிட்டது. கடைசி மூலைதான் பாக்கி. அங்கே இரண்டு பக்கத்துச் சுருக்கமும் மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தடித்துக் கிடந்தது. மெஷின் தயங்கியது. ரெக்சினில் இப்படித் தயங்கினால் பின்னாலிருந்து துணியை வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்துக் கொடுப்பது அவர் பழக்கம். கை யோசிக்கவில்லை, இழுத்துவிட்டது. கொட்டகை ஊசி கோணி ஊசிக்குத் தம்பி, தாங்கும். இது மெல்லிசு. வளைந்துபோய் அடியில் இருக்கிற இரும்புத் தகட்டில் இடித்தது.

டக்.

மேல்பாதி மெஷினிலேயே நின்றது. முனைப்பாதியைக் காணோம்.

கொட்டகையில் ஊசி உடைந்தால் வாயால் ஊதிவிட்டு வேறு மாட்டுவார், அவ்வளவுதான். ஒருதரம் ஒரு டிரைவர் புது சீட்டில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, "அண்ணே, உள்ள தேளை விட்டுத் தச்சுட்டீங்களா?" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். கொட்டகையே சிரித்தது. இவரும் சிரித்தார். இப்போது அந்த டிரைவர் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அதன் மேலேயே வெங்காயச் சருகுத் தோலும் வந்தது.

மேல்பாதியைக் கழற்றித் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டார். தரையில் மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தார். மெஷின் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். துணியை உதறினால் இன்னும் உள்ளே போய்விடுமோ என்று உதறாமல், சுருக்கம் சுருக்கமாக விரலால் தடவினார். என்ன பிரயோசனம்? ஆணி குத்தினாலே உறைக்காத விரல். இருக்கிறதா இல்லையா என்று அந்த விரலுக்கு எப்படித் தெரியும்?

"முடிஞ்சுதாங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"முடிஞ்சா சொல்ல மாட்டேனா? சும்மா ஏன் உயிர எடுக்கறே!"

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது. "வந்து மிச்சத்தப் போடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

தெருக்கோடியில் மைக்செட்காரர் பழைய ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒயர் சீவிக்கொண்டிருந்தார்.

"ஒரு காந்தம் குடு. நல்லா இழுக்கிறதா குடு."

"எதுக்குண்ணே?"

"குடுன்னா குடேன்!"

மைக்செட்காரர் கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றின் பின்னாலிருந்து கறுப்பு வட்டக் காந்தத்தைப் பெயர்த்துக் கொடுத்தார். "பேத்தி வர்ற நாளு, மூஞ்சியில ஒரு சிரிப்பக் காணோம். இந்தக் காந்தத்த வாய்க்குப் பக்கத்துல பிடிச்சு இழுத்தா வருமாண்ணே? போனோட சேத்து மட்டும் வைக்காதீங்க."

அவர் போனைக் கால்சட்டையில் போட்டுக்கொண்டு, காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டார். அதன் கனத்தில் பை தொங்கி, நடக்க நடக்க நெஞ்சில் இடித்தது.

வீட்டு வாசலில் கார் நின்றது. சீக்கிரமே வந்துவிட்டார்கள். வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கூடத்தில் மகள் நின்றாள். கையில் வெள்ளைத் துணிச் சுருள், அதற்குள் ஒரு முகம். இவரைப் பார்த்ததும் அப்படியே நீட்டினாள். "மொதல்ல நீங்கதான் வாங்கணும். அங்க இருந்து ஓடி வந்துட்டீங்களாமே, நர்ஸ் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

அவர் இரண்டடி பின்னால் போனார். மகளைத் தாண்டி உள்ளறை தெரிந்தது. தொட்டில் இளமஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு நின்றது. மிச்ச மூலையை மனைவி கையாலேயே தைத்து, விரித்து, மேலே மெத்தையும் போட்டுவிட்டாள்.

"வேணாம்னா விடுங்க" என்றாள் மகள். முகம் சுண்டிப்போயிற்று. "நான் தொட்டில்லயே படுக்க வைக்கிறேன்."

"போடாதே!"

அந்தச் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு அழுதது. பூனைக்குட்டி மாதிரி ஓர் அழுகை. மாப்பிள்ளை கையிலிருந்த பையைக் கீழே விட்டார்.

"ஊசி உடைஞ்சிருச்சு" என்றார் ரெக்சின்காரர். "முனையக் காணோம். அந்தத் துணிக்குள்ளதான் இருக்கு."

"ஐயோ, நான்தான எடுத்து விரிச்சேன்" என்று மனைவி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மகள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "காலையிலேயே தெரியுமாப்பா? தெரிஞ்சும் அம்மாகிட்டக் கூடச் சொல்லலையா? இத்தனை நாள் அந்தப் பெட்டிக்கு வெளியில ஒவ்வொரு மூச்சா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே, அது போதாதா?"

அவர் உள்ளே போய் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். பாவாடையை மெதுவாக உருவி வந்து, கூடத்தில் ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில் விரித்தார். குனிந்து சட்டைப்பைக்குள் கையை விட்டுக் காந்தத்தை எடுத்தார்.

துணியில் வைக்கப்போன கை அந்தரத்தில் நின்றது.

காந்தத்தின் ஓரத்தில் துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் தூள் கொஞ்சம், ஒரு நூல் துண்டு. பக்கத்தில் ஓர் அரிசி நீளத்தில் ஏதோ பளிச்சென்று மின்னியது.

"துணியில இன்னும் படவே இல்லையே" என்றாள் மனைவி.

தீப்பெட்டியைத் திறந்து உடைந்த மேல்பாதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். உடைந்த வாய்கள் இரண்டும் பல்லுக்குப் பல் பொருந்தின.

மாப்பிள்ளைதான் முதலில் புரிந்துகொண்டார். "அப்ப, தெறிச்சு மாமாவோட பையில விழுந்திருக்கு. காலையில இருந்து இவர் நெஞ்சுலதான் இருந்திருக்கு."

ரெக்சின்காரர் தன் சட்டைப்பையைக் குனிந்து பார்த்தார். மெல்லிசுத் துணிப் பை. அதிலிருந்து கண்ணை எடுத்துப் பேத்தியின் தலையைப் பார்த்தார். மகள் நீட்டினாளே, அப்போது வாங்கியிருந்தால் அந்தக் கன்னம் எங்கே வந்து சாய்ந்திருக்கும்? அவர் வேறு, பயத்தில் இறுக்கிப் பிடித்திருப்பார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பித்தானைக் கழற்ற விரல் வரவில்லை. மனைவி வந்து கழற்றினாள். அந்தச் சட்டையைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே போட்டார். கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டு முகம், கழுத்து, நெஞ்சு, கை எல்லாம் தோல் சிவக்கத் தேய்த்தார். திரும்பி வந்து, முனை கிடைத்துவிட்டது என்று தெரிந்தும், பாவாடையின் ஒவ்வொரு சுருக்கத்திலும் காந்தத்தை ஓட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடியும் ஓட்டினார்.

"போதும்ப்பா" என்றாள் மகள். குரலில் கோபம் இன்னும் இருந்தது. "சட்டை இல்லாமத்தான இருக்கீங்க. அந்த நாற்காலியில சாஞ்சு உக்காருங்க."

"வேணாம்மா. என் கை…"

"கைய யாரு கேட்டா? நெஞ்சு போதும்."

அவர் மறுத்துப் பேசுவதற்குள் துணிச் சுருளைப் பிரித்துப் பிள்ளையை அவர் நெஞ்சில் கவிழ்த்துவிட்டாள். ரெக்சின்காரர் போலீஸிடம் அகப்பட்டவர் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார். ஒரு ரொட்டி கனம்கூட இல்லை. வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று அங்கே ஏறி இறங்கியது. இவருக்குத்தான் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"மூச்சு விடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "அவளே விடறா."

"விட்டா ஆடும்."

"ஆடட்டும். அதுக்குத்தான் அங்க போடறது."

கொஞ்சமாக விட்டார். பிள்ளை அதோடு உயர்ந்து, அதோடு தாழ்ந்து, அழுகையை நிறுத்தியது. மகள் அவருடைய ஒரு கையைப் பிடித்து இறக்கிப் பிள்ளையின் முதுகில் வைத்தாள். அந்த முதுகு முழுவதும் அவர் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. மகள் அந்தக் கையின்மேல் தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பாவாடைய மறுபடி மாட்டிடவாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"மெதுவா பேசு" என்றார் அவர், பிள்ளையின் மூச்சைவிடச் சின்னக் குரலில். எத்தனையோ வருஷம் அவரோடு குப்பை கொட்டியவள், அவர் பயத்துக்கு இப்படியும் ஒரு குரல் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கேட்டாள்.