ரேடியேட்டர் ஆறும்வரை

நான் வேலைக்காக டுபாய்க்குப் புறப்பட்ட காலையில், லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் ஏற்றத்தில் அப்பாவின் பழைய வேன் கொதித்து நின்றுவிட்டது. பதுளையில் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் வெளிநாடு போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. விசா வந்ததிலிருந்து அவர் என்னோடு பேசவுமில்லை.

எஞ்சினுக்கு மேலிருந்த சீட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய், கிளிப் போட்ட இடத்தில் வெடித்திருந்தது. சூடு தணிந்ததும் அப்பா வெடித்த நுனியைக் கத்தியால் வெட்டிவிட்டு, மிச்சக் குழாயை இழுத்து மாட்டினார். நான் பிடித்துக்கொள்ள, அவர் கிளிப்பை முறுக்கினார். வீதியோரம் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் பிடித்து வந்து ஊற்றினேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

"போலாமாப்பா?"

அவர் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் சூடு எறங்கல. கொஞ்ச நேரம் உக்காருவோம்."

நானும் தொட்டுப் பார்த்தேன். அது நன்றாக ஆறிப்போயிருந்தது. அப்பா தேயிலை மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாப்பா, சூடாத்தான் இருக்கு" என்றேன்.

ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்தோம். "அங்க வெயில் கூடவாம். தண்ணி நல்லா குடி" என்றார். வெகுநேரம் கழித்து, "புடிக்கலன்னா வந்துரு. யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க" என்றார்.

அந்த பஸ் போய்விட்டது. அடுத்ததில் ஏறி, விமானத்தை ஓடிப் பிடித்தேன்.

இப்போது ஊர் திரும்பிவிட்டேன். வேனை விற்றாயிற்று. ஆறிப்போனது தெரிந்தேதான் நான் ஆமாம் போட்டேன் என்பது அப்பாவுக்குத் தெரியுமா என்று இன்றுவரை கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.