எண்பதாம் பக்கத்தில் இல்லாத பாதை

பதினாலு வீடும் ஒரு மாதா கோயிலும் உள்ள ஊருக்கு முந்நூறு பக்கத்தில் வரலாறு எழுதியவர் லிசர்ராகா வீட்டு பெனான்சியோ. பாதிப் பக்கங்களில் அவர் வீட்டுப் பெருமை. மீதியில் அவர் தாத்தா வளர்த்த மாடுகள்.

அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவுப் பாதை உண்டு. பாதை யார் நிலத்தில் ஓடினாலும் சவப்பெட்டி அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போகும். முன்னால் சிலுவை தூக்குவது பக்கத்து வீட்டார். பக்கத்து வீட்டு கொன்ச்சேசியின் பாதை பெனான்சியோவின் மேய்ச்சல் நிலத்தில் ஓடியது. அதை மூடுவதற்காகவே மனிதர் வரலாற்று ஆசிரியர் ஆனார். சாவுப் பாதை என்பது கட்டுக்கதை என்று எண்பதாம் பக்கத்தில் எழுதிவிட்டு, மை காய்வதற்குள் கம்பி வேலி போட்டார். கொன்ச்சேசியின் அப்பா சவப்பெட்டிக்குள் கிடந்து, டிராக்டரில் குலுங்கிக்கொண்டு தார் ரோட்டைச் சுற்றிப் போனார். சிலுவை தூக்க பெனான்சியோ வரவில்லை. ஆராய்ச்சியில் இருந்தாராம்.

இவ்வளவு ஆராய்ந்தவருக்குத் தன் வீட்டுப் பாதை கொன்ச்சேசியின் ஆப்பிள் தோட்டத்துக்குள் போவது மட்டும் மறந்துவிட்டது. மார்ச் மாதம் அவர் மனைவி பெலிசா இறந்தாள். "ஆப்பிள் மரத்து வழியா கொண்டு போங்க. டிராக்டர்ல ஏத்திடாதீங்க" என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்டது.

பெனான்சியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கொன்ச்சேசியின் கேட்டில் வந்து நின்றார்.

"கொஞ்சம் வழி விடும்மா. பெலிசாவோட ஆசை."

"எந்த வழி? எண்பதாம் பக்கத்துல அப்படி ஒண்ணு கிடையாதே."

"அது... புத்தகத்துக்காக எழுதினது."

"எங்கப்பாவும் புத்தகத்துக்காகத்தான் டிராக்டர்ல போனாரா?"

எதற்கும் அடிக்குறிப்பு வைத்திருப்பவர் திரும்பி நடக்கப் பார்த்தார். கொன்ச்சேசி கூப்பிட்டாள்.

"பெலிசா என்ன பாவம் பண்ணா? எங்கப்பா செத்தப்ப உங்களுக்குத் தெரியாம வந்து அழுதவ. கேட்டைத் திறக்கறேன், சிலுவையும் நானே தூக்கறேன். ஆனா பாதை இருக்குன்னு சொல்றவங்கதான் அதுல நடக்கணும். நீங்க ரோட்டைச் சுத்தி வாங்க."

மறுநாள் பெட்டி கிளம்பியது. கொன்ச்சேசி சிலுவையோடு முன்னே போக, ஊர் மொத்தமும் ஆப்பிள் மரங்களுக்கு அடியில் நடந்தது. பெனான்சியோவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் ஊர்வலத்தில் இருந்தார்கள். புதுச் செருப்பு கடிக்க, தார் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் தனியாக நடந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பெலிசாவின் குழியை மூடி முடித்திருந்தார்கள்.