வெள்ளிக்கிழமை விடுமுறை

மேட்டூரில் நான் நூலகராக இருக்கும் கிளை நூலகத்துக்கு சனிக்கிழமையிலிருந்து ஒருவர் வருகிறார். தேய்த்த சட்டை, கையில் டிபன் கேரியர். மூலையில் உட்கார்ந்து நாளிதழை விரித்தால் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. இன்று மதியம் அவர் கேரியரைத் திறந்தபோது புளிச்சோறு மணத்தது. அப்பாவின் கேரியரும் இப்படித்தான் மணக்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. கோடை விடுமுறையின் முதல் நாள், கதைப் புத்தகம் எடுக்க நூலகத்துக்கு ஓடினேன். பழைய காகிதமும் பூச்சி உருண்டையும் மணக்கும் அந்த அறையின் மூலையில், கம்பெனியில் ஷிப்டில் இருக்க வேண்டிய அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் பார்ப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த கை நிற்கவில்லை.

“தெரியுஞ் சாமி. வேலைய உட்டு நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. எனக்குத் தெரியும்னு அவுருக்குத் தெரியாது. நீ இனி அங்க போவாத. பகல்ல உக்கார அவுருக்கு வேற எடமில்ல.”

நான் போகவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: “ஏஞ்சாமி, லீவுல லைப்ரரிக்குப் போறதில்லையா?”

“எல்லாப் புஸ்தகமும் படிச்சுட்டேங்கப்பா.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் நூலகம் திறக்காது. அன்றும் அவர் கேரியரோடு கிளம்பிப் போனார். எங்கே போய் உட்கார்ந்தார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

நாளை வெள்ளிக்கிழமை. மூலையில் இருப்பவரிடம் அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.